வெள்ளைக் கோட்டில் ஏறிய கறை

டியூப்லைட்டை அணைத்துவிட்டு, கைவிளக்கை மேல்பலகையோடு ஒட்டிப் படுக்கவைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கிட்டாரின் அடிவளைவில், ஈட்டி மர பைண்டிங்குக்கு, அதாவது விளிம்பைச் சுற்றி ஒட்டிய பட்டைக்கு, உள்ளே ஓடும் கறுப்பு, வெள்ளை, கறுப்புக் கோடுகளில் நடுவே இருந்த வெள்ளை வெள்ளையாக இல்லை. வெற்றிலை போட்ட பல் மாதிரி மங்கலான செம்பழுப்பு நிறம். கோட்டை ஒட்டி ஸ்ப்ரூஸ் பலகையில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் நிழலாக விழுந்திருந்தது. பைண்டிங்கும் இடுப்புப் பக்கம் தடியாகவும், கீழே வயிறு அகன்ற இடத்தில் ஒல்லியாகவும் இருந்தது.

மூன்றுமே அன்று காலை நான் போட்ட உப்புத்தாளின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். மூன்றுக்கும் மூன்று தனித்தனிக் காரணம் இருந்தது, அதில் இரண்டு நான் உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்பே கிட்டாருக்குள் உட்கார்ந்துவிட்டன. இதைப் புரிந்துகொண்டு சரிசெய்ய ஐந்து வாரம் ஆயிற்று. கிட்டார் செய்ய ஆரம்பிக்கிற பிள்ளைகள் என்னிடம் அதிகம் கேட்பது இந்த விளிம்பைப் பற்றித்தான் என்பதால், நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

கிட்டார் ஓ.எம். (ஆர்கெஸ்ட்ரா மாடல்) அளவு, ஸ்டீல் கம்பி. சர்ச்சில் வாசிக்கிற ஒரு தம்பிக்காகச் செய்தது. மேல்பலகை சிட்கா ஸ்ப்ரூஸ், 2.8 மி.மீ. கனம். பின்பலகையும் பக்கப்பலகையும் ஈட்டி, சிலர் தோதகத்தி என்பார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் மரம், உலகம் முழுக்க கிட்டார்காரர்கள் இந்தியன் ரோஸ்வுட் என்று கேட்டு வாங்குவது இதைத்தான். பிரேசில் ரோஸ்வுட் வருவது சிக்கலானபோது அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969இல் இந்த மரத்துக்கு மாறியது, அப்புறம் இதுவே வழக்கமாகிவிட்டது. நான் விளிம்புப் பட்டைக்கும் அதே ஈட்டியைத்தான் எடுத்தேன். அதற்கு உள்ளே பர்ஃபிளிங், அதாவது அலங்காரக் கோடு: சாயம் ஏற்றிய கறுப்பு வெனீர் (மெல்லிய மரத்தாள்), நடுவே வெள்ளையான மேப்பிள் மரம், மறுபடி கறுப்பு. மூன்றும் சேர்ந்து ஒன்றரை மி.மீ. அகலம்.

இந்தப் பட்டை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். அழகு ஒரு காரணம்தான். மேல்பலகையை கிட்டார் வடிவத்துக்கு வெட்டியதும் மேலும் கீழும் நார்களின் வெட்டுமுனை வெளியே தெரியும். ஈரம் சுலபமாக ஏறுவது அங்கே. எங்காவது இடித்தால் பிளவு தொடங்குவதும் அங்கே. கடின மரத்தில் ஒரு பட்டை ஒட்டி அந்த முனைகளை மூடிவிட்டால் இரண்டுக்கும் தடுப்பு. அலங்காரம் அதன் மேல் வந்து சேர்ந்தது. மார்ட்டினின் டி-28 கிட்டார்களில் 1940களின் பிற்பகுதி வரை மீன்முள் மாதிரி சாய்வாக அடுக்கிய கோடு ஓடும். பழைய கிட்டார்களைத் தேடுகிறவர்கள் இன்றைக்கும் முதலில் பார்ப்பது அந்த மீன்முள்ளைத்தான். ஆனால் கோடு எவ்வளவு நுணுக்கமோ, அதைத் தேய்க்கிற வேலையும் அவ்வளவு கடினம். பக்கத்துப் பக்கத்தில் நான்கு விதமான மரம், நான்கு விதமான கடினம், எல்லாவற்றையும் ஒரே தாளால் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

நான் செய்தது இதுதான். பக்கங்களை வளைத்து, மேலும் கீழும் பலகை ஒட்டி, பெட்டி முழுசானதும் ரூட்டர் என்கிற மரம் குடையும் இயந்திரத்தால் விளிம்பு முழுக்கக் காடி எடுத்தேன். பட்டையும் கோடும் வைத்து, தண்ணீர் கலந்த மரப்பசை போட்டு, டேப்பால் இறுக்கக் கட்டினேன். மறுநாள் காலை டேப்பைப் பிரித்தேன். பட்டை மேல்பலகையைவிட 0.4 மி.மீ. தூக்கலாக இருந்தது. கார்க் கட்டையில் 80ஆம் எண் தாளைச் சுற்றித் தேய்த்து மட்டமாக்கினேன், பிறகு 120, பிறகு 180. விளிம்பின் வழியாகவே, பட்டை ஓடுகிற திசையிலேயே தேய்த்தேன். பக்கவாட்டிலும் அதே மாதிரி. கடைசியில் கீறல் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க, துணியில் ஸ்பிரிட் நனைத்து ஒரு துடை. அந்தத் துடைப்புக்குப் பிறகு பார்த்ததுதான் மேலே சொன்ன காட்சி.

முதலில் கறை. அதே ஈட்டி, அதே வெனீர், அதே ஸ்ப்ரூஸ் வெட்டுத் துண்டுகளில், உள்ளங்கை அளவுக்கு நான்கு மாதிரிப் பலகை செய்தேன், ஒவ்வொன்றிலும் கிட்டாரில் இருக்கிற மாதிரியே பட்டையும் கோடும் ஒட்டி. முதல் துண்டை 120ஆம் எண் தாளால் தேய்த்து, தூசியைக் காற்றால் ஊதினேன். வெள்ளைக் கோடு லேசாகச் சாம்பல் பூத்திருந்தது, கறை என்று சொல்ல முடியாது. இரண்டாவதையும் அப்படியே தேய்த்து, ஸ்பிரிட் துணியால் பட்டையிலிருந்து உள்பக்கமாக ஒரே ஒரு முறை துடைத்தேன். கண்ணெதிரே ஊதா கலந்த பழுப்பு மேப்பிளுக்குள் இறங்கியது. மூன்றாவதில் தேய்ப்பதற்கு முன்பே கோட்டின் மேலும் ஸ்ப்ரூஸின் மேலும் மெல்லிய அரக்குப் பூச்சு கொடுத்து, தேய்த்து, அதே மாதிரி துடைத்தேன். கறை குறைவு, ஆனாலும் இருந்தது. ஸ்பிரிட் அரக்கையே கரைத்துவிடும், அப்புறம் தடுப்பு எங்கே? நான்காவதில் அரக்கு பூசி, உப்புத்தாளே இல்லாமல் ஸ்க்ரேப்பர் என்கிற மெல்லிய இரும்புத் தகட்டால் சீவி, காற்றால் ஊதி, ஈரமே படாமல் விட்டேன். கோடு பால் மாதிரி இருந்தது.

நான்கையும் வரிசையாக வைத்துப் பார்த்ததும் காரணம் பிடிபட்டது. ஈட்டி மரத்துக்குள் இருக்கிற நிறப்பொருள் ஸ்பிரிட்டில் கரையும். உலர்ந்த தூள் மேலே கிடந்தால் ஊதிவிடலாம். ஸ்பிரிட் பட்டவுடன் அது சாயமாகிறது, சாயம் மேப்பிளின் நுண்துளைக்குள்ளும் ஸ்ப்ரூஸின் கீறலுக்குள்ளும் இறங்குகிறது. கறுப்பு வெனீரும் சாயம் போட்டதுதானே, அதிலிருந்தும் கொஞ்சம் கசிந்திருந்தது. எங்கே குற்றம் மிச்சமிருக்கிறது என்று பார்க்கப் போட்ட அந்த ஒரு துடைப்புதான் குற்றமே.

இதில் கீறலுக்கும் பெரிய பங்கு உண்டு, இந்த இடத்தை நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஸ்ப்ரூஸின் நார் கழுத்திலிருந்து அடிவரை நேராக ஓடுகிறது. கிட்டாரின் இடுப்பில் பட்டையும் ஏறக்குறைய அதே திசையில் ஓடும், அதனால் அங்கே பட்டை வழியாகத் தேய்த்தால் ஸ்ப்ரூஸுக்கும் நார் வழித் தேய்ப்புதான். ஆனால் அடிவளைவில் பட்டை திரும்பி நாருக்குக் குறுக்கே ஓடுகிறது. பட்டைக்கு நல்ல திசையாக இருப்பது ஒரு விரல் தள்ளி ஸ்ப்ரூஸுக்குக் குறுக்குக் கீறல். 80ஆம் எண் தாளில் ஒட்டியிருக்கிற ஒரு மணல் மணி கிட்டத்தட்ட 200 மைக்ரான், 120இல் 125, 180இல் 80 சொச்சம். ஸ்ப்ரூஸ் நாரின் அகலம் சுமார் 30 மைக்ரான். நாரைவிடப் பல மடங்கு பெரிய மணி குறுக்கே இழுத்துக்கொண்டு போனால் நார் அறுந்து, அந்தப் பிசிறில் கறுப்புத் தூள் போய் உட்காரும். என் கிட்டாரில் இடுப்புப் பக்கம் கறை ஏறக்குறைய இல்லை, அடியிலும் தோள்பட்டையிலும்தான் இருந்தது. மேலிருந்து கீழே விளக்கைக் கொண்டுபோனால் வளைவு திரும்பத் திரும்பக் கறை கூடுவது அப்படியே தெரிந்தது.

அடுத்து பள்ளம். இதில் பாதியை எல்லோரும் சொல்வார்கள்: கடினமான மரமும் மென்மையான மரமும் பக்கத்தில் இருந்தால் மென்மையானது சீக்கிரம் தேயும். ஜங்கா கடின அளவில் சிட்கா ஸ்ப்ரூஸ் 510 பவுண்டு, ஈட்டி 2,440. ஏறக்குறைய ஐந்து மடங்கு. கார்க் கட்டை கொஞ்சம் அமுங்கும், அமுங்கின கார்க் ஈட்டியின் மேல் ஏறி இறங்கி ஸ்ப்ரூஸைக் குடையும். விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தால் இன்னும் மோசம். ஆனால் என் பள்ளம் அதோடு நிற்கவில்லை. கிட்டாரைத் தொடாமல் 50 சதவீத ஈரப்பத அறையில் இரண்டு வாரம் வைத்திருந்தபோது, அது தேய்க்காமலேயே ஆழமானது. கோடு இருக்கிற இடத்தில் நகத்தை ஓட்டினால் முன்பு வழுக்கிப் போனது, இப்போது தடுக்கியது.

பசையில் இருந்த தண்ணீர்தான் காரணம். ஒட்டின அன்று பசையின் ஈரத்தைக் குடித்து, ஓரத்து ஸ்ப்ரூஸும் வெனீரும் உப்பியிருக்கும். அந்த உப்பலோடு மறுநாளே மட்டமாகத் தேய்த்துவிட்டேன். நாள் போகப் போக ஈரம் வெளியேறி மரம் பழைய அளவுக்குச் சுருங்கியது, சீவி எடுத்த பகுதி பள்ளமாக நின்றது. மரவேலைக்காரர்களுக்கு இது தெரிந்த விஷயம், மேசைப் பலகைகளை ஒட்டி உடனே இழைத்தால் ஒட்டு ஓடுகிற வழியாக வாய்க்கால் விழும். அதையே ஒன்றரை மி.மீ. கோட்டில் நான் யோசிக்கவில்லை. போதாக்குறைக்கு நான் ஒட்டியது நவம்பர் மாதம், சென்னையில் வடகிழக்குப் பருவமழை, ஒட்டின அன்று பட்டறையின் ஈரப்பத அளவி 82 சதவீதம் காட்டியது. ஈரம் வெளியேற வழியே இல்லாத காற்று. இப்போதெல்லாம் பட்டை ஒட்டுவதானால் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஓடுகிற உள்ளறையில்தான், ஒட்டினபின் குறைந்தது ஏழு நாள் கழித்துத்தான் விளிம்பில் கை வைக்கிறேன்.

மூன்றாவது குறைதான் என்னை ரொம்ப வருத்தியது, ஏனென்றால் அதன் வேர் இன்னும் பின்னால் இருந்தது. வெர்னியர் வைத்து விளிம்பு முழுக்க அளந்தேன். இடுப்பில் பட்டை 2.1 மி.மீ., அடிவயிற்றில் ஒரு சாண் தூரத்துக்கு 1.5. காடி முழுக்க ஒரே ஆழம், பட்டை முழுக்க ஒரே கனம், பிறகு எங்கிருந்து 0.6 வித்தியாசம்? பெட்டியின் பக்கத்தை நேர்க்கோல் வைத்துப் பார்த்ததும் தெரிந்தது. வளைத்த பக்கப்பலகை அந்த இடத்தில் லேசாக மேடாகப் புடைத்திருந்திருக்கிறது. ரூட்டரின் பேரிங், அதாவது வழிகாட்டிச் சக்கரம், பக்கப்பலகையைத் தொட்டுக்கொண்டேதான் ஓடும், மேடு வந்தால் மேட்டோடு வெளியே போகும், பள்ளம் வந்தால் உள்ளே வரும், காடியும் அந்த அலையை அப்படியே நகலெடுக்கும். பட்டை அந்த அலையில் உட்காருகிறது. அப்புறம் நான் உப்புத்தாள் கட்டையால் பக்கத்தை மழமழப்பாக்கும்போது மேடு கரைகிறது, மேட்டோடு பட்டையும் கரைகிறது. மேலிருந்து பார்க்கிறவர் கண்ணுக்குக் கோடு ஒல்லியாகி மறுபடி தடிப்பது தெரிகிறது.

காடி எடுப்பதற்கு முன்பே பக்கங்களை மேடுபள்ளம் இல்லாமல் சீராக்கி முடித்திருக்க வேண்டும். குமிழான இடத்துக்கு நீளக் கட்டை, இடுப்புக்கு உருளைக் கட்டை, இரண்டும் தனித்தனியாக. பக்கப்பலகையில் பென்சிலால் குறுக்குமறுக்காகக் கிறுக்கிவிட்டுத் தேய்த்தால், கோடு அழியாத இடம் பள்ளம், முதலில் அழிகிற இடம் மேடு. அந்த அரை மணி நேரத்தைத் தவறவிட்டதற்கு, பட்டை ஒட்டின பிறகு எவ்வளவு தேய்த்தும் ஈடு செய்ய முடியாது. விளிம்பு வேலை பற்றி என்னிடம் கேட்கிற எல்லோருக்கும் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன், எந்த எண் தாள் என்ற கேள்விக்குப் பிறகு வருவோம் என்று.

சரி, கிட்டாரைக் காப்பாற்ற வேண்டுமே. இங்கேதான் எங்கள் தெருமுனையில் கதவு, ஜன்னல் செய்கிற பெரியவர் ஒருவர் உதவினார். கிட்டார் அவர் வேலை இல்லை. ஆனால் ஐம்பது வருடமாகத் தேக்கைச் சீவுகிறவர். கறை படிந்த இடத்தை 220 தாளால் நான் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“தாளை ஓரமா வைங்க தம்பி. அந்தத் தகடை இப்படிக் குடுங்க.”

“ஐயா, அது சரியாச் சீவ மாட்டேங்குது, தூளாத்தான் வருது.”

“தூளா வந்தா தகடு மழுங்கிப்போச்சுன்னு அர்த்தம்.”

தகட்டின் விளிம்பை அரத்தில் நேராக்கி, எண்ணெய்க் கல்லில் தேய்த்து, ஒரு பழைய உளியின் முதுகால் அழுத்தி இழுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு கொக்கியை விளிம்பில் மடக்கிக் கொடுத்தார். விரலால் தொட்டால்தான் அந்தக் கொக்கி இருப்பது தெரியும். அந்தத் தகடு ஈட்டியின் மேல் போனபோது தூள் வரவில்லை, வெங்காயத் தோல் மாதிரி சுருள் வந்தது. சுருள் என்றால் எங்கேயும் போய் ஒட்டாது, ஊதினால் பறந்துவிடும். கறைக்கு மூலமான தூளே உண்டாகவில்லை.

தகட்டின் ஒரு முனையில் மூன்று சுற்று டேப் சுற்றினேன். டேப் சுற்றிய பகுதி ஸ்ப்ரூஸின் மேல் சறுக்கும், அதற்குப் பக்கத்தில் இருக்கிற வெறும் விளிம்பு பட்டையை மட்டும் சீவும். டேப் கனத்துக்கு மேல் பட்டை தூக்கலாக இருக்கிற வரைதான் அது வெட்டும், மட்டத்துக்குக் கிட்ட வந்ததும் தானாக நின்றுவிடும். அதற்குப் பிறகு டேப்பை எடுத்துவிட்டு, தகட்டை நாற்பத்தைந்து பாகை சாய்த்து, உள்ளிருந்து வெளியே, ஸ்ப்ரூஸிலிருந்து பட்டைக்கு என்ற திசையில் இழுத்தேன். கறுப்பு மரத்திலிருந்து வெள்ளை மரத்துக்கு எதையும் கொண்டுவரக் கூடாது, எப்போதும் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு. கறை மேப்பிளில் 0.1 மி.மீ. போலத்தான் இறங்கியிருந்தது. பதினைந்து இருபது இழுப்பில் உள்ளே இருந்த வெள்ளை வந்தது.

பள்ளத்தை நிரப்ப முடியாது. சுற்றியிருப்பதை இறக்கத்தான் வேண்டும். விளிம்பிலிருந்து நான்கு விரற்கடை உள்ளே வரைக்கும், நீளமான கடினக் கட்டையில் 180 தாளை ஒட்டி, நார் திசையில் மட்டும், சரிவு தெரியாமல் கலந்துவிட்டேன். துளை வழியாகக் காந்த அளவியை வைத்துப் பார்த்துக்கொண்டே போனேன், ஓரத்தில் 2.8 இருந்தது 2.5 ஆனது. அடிவளைவின் ஓரத்தை வேண்டுமென்றே மெலிதாக்கி மேல்பலகையை அசைய விடுகிற கைவினைஞர்கள் நிறைய உண்டு, அதனால் அந்த 0.3 எனக்குப் பயமில்லை. 2.3க்குக் கீழே போயிருந்தால் நிறுத்தியிருப்பேன்.

ஒல்லியான பட்டையை முழுசாகச் சரிசெய்ய வழியில்லை. பிரித்தெடுத்துப் புதுசு ஒட்டலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சூடு காட்டிப் பிரிக்கும்போது ஓரத்து ஸ்ப்ரூஸ் பெயர்ந்துவரும் ஆபத்து அதிகம் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக, ஒல்லியான இடத்தின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முழம் தூரத்துக்குப் பட்டையை மெதுவாக மெலிதாக்கிக்கொண்டே வந்தேன். திடீரென்று மாறுகிற கனத்தைக் கண் உடனே பிடித்துவிடும், ஒரு முழத்தில் மெதுவாக மாறுவதை அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. பக்கப்பலகை 2 மி.மீ.தான் என்பதால் அதற்கு மேல் துணியவில்லை.

எல்லாம் முடிந்ததும் ஸ்பிரிட் இல்லை, ஈரத்துணி இல்லை, கையால் தடவுவதுகூட இல்லை. காற்று, அப்புறம் படுக்கவைத்த விளக்கு. பின்பு சின்னத் தூரிகையில் அரக்கை எடுத்து, வெள்ளைக் கோட்டின் மேல் மட்டும் கோட்டின் நீளத்திலேயே இரண்டு பூச்சு. உலர்ந்ததும் ஸ்ப்ரூஸுக்கு ஒரு பூச்சு. ஈட்டிக்குக் கடைசியில், தனித் துணியில், கோட்டைத் தாண்டாமல். அதற்கு அப்புறம் கடைசிப் பளபளப்புக்கு லாக்கர் பூச்சு.

பிளாஸ்டிக் பட்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செல்லுலாய்டில் தூள் சாயமேற்றாது, ஆனால் வேகமாகத் தேய்த்தால் சூட்டில் இளகித் தாளை அடைத்துக்கொள்ளும், அசிட்டோன் பட்டால் கரையும், அதன் தூள் சட்டென்று தீப்பிடிக்கும். அதிலும் தகடுதான் நல்லது. செல்லுலாய்டில் கற்பூரம் கலந்திருக்கிறது, சீவும்போது பட்டறையே பூஜை அறை மாதிரி மணக்கும்.

தூசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரோஸ்வுட் இனத்து மரத்தூள் சிலருக்குத் தோலில் தடிப்பையும் அரிப்பையும் கொண்டுவரும், முதல் வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு மூன்றாவது வருடம் திடீரென்று வரலாம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. விளிம்பு வேலையில் முகம் பலகையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருக்கும். தயவுசெய்து மாஸ்க் போடுங்கள், உறிஞ்சியைக் கையெட்டும் இடத்தில் ஓடவிடுங்கள்.

கிட்டாரை வாங்க வந்த தம்பியிடம் ஒல்லியான இடத்தை நானே காட்டினேன். விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எங்கண்ணா? இதுவா?” என்று கட்டைவிரலால் விளிம்பைத் தடவிக்கொண்டே போனவர் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டார். கொஞ்சம் விலை குறைத்துக்கொண்டேன், அவர் வேண்டாம் என்றார், நான் விடவில்லை.

நான்கு மாதிரித் துண்டுகளையும் பின்னால் தேதி எழுதி, ரூட்டர் மேசைக்கு மேலே ஆணியில் மாட்டியிருக்கிறேன். அடுத்த கிட்டாருக்குப் பட்டை ஒட்டி இன்றைக்கு ஐந்தாவது நாள். டேப் பிரித்தாயிற்று, உள்ளறையில் அளவி 47 காட்டுகிறது, பட்டை 0.4 மி.மீ. தூக்கலாக நிற்கிறது. இன்னும் இரண்டு நாள் தொடப்போவதில்லை.